ஓடுதளத்து ஆள்காட்டி

அந்த விமான நிலையத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. நேருக்கு நேர் பார்த்தால் மேடம். முதுகு திரும்பியதும் ஆள்காட்டி.

ஆள்காட்டி என்பது புல்தரையில் முட்டையிடும் நெட்டைக்கால் பறவை. மனித வாடை பட்டால் போதும், ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்திக்கொண்டு எழும்பும். வந்தவன் திருடனா, வழி தவறியவனா என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. யாராக இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். அவளும் அந்த ரகம் என்று பேச்சு. விமானத்தின் மூக்கில் ஒரு சொட்டு ரத்தம் இருந்தாலும் விடமாட்டாள், எழுதி மேலே அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள்.

அதுதான் அவள் உத்தியோகமும். பறக்கும்போதோ இறங்கும்போதோ விமானத்தின் மேல் பறவை மோதினால், ஓடுதளத்தில் முயலோ கீரியோ அடிபட்டால், அதைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் திரட்டி அறிக்கை அனுப்ப வேண்டும். என்ன பறவை, எத்தனை, எந்த உயரத்தில், விமானத்துக்கு ஏதாவது ஆச்சா என்று கேள்விகள் நீளும்.

வேலைக்குச் சேர்ந்தபோது அவள் தட்டச்சுப் பிரிவில் இருந்தாள். பறவைப் பிரிவு என்று ஒன்று இருப்பதே அப்போது அவளுக்குத் தெரியாது. தீயணைப்பு வண்டிகள் நிற்கும் கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறை; அதில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, உறுமிக்கொண்டே இருக்கும் ஒரு பழைய ஃபிரிட்ஜ். அங்கே உட்கார்ந்திருந்தவர் ஓய்வு பெற்றபோது, “யார் போறீங்க?” என்று மேலாளர் கூடத்தில் வந்து நின்று கேட்டார். அத்தனை பேரும் கூரையைப் பார்த்தார்கள். இவள் மட்டும் கைப்பைக்குள் எதையோ துழாவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது வேலை அவள் தலையில் விழுந்திருந்தது.

முதல் சில மாதங்கள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஓடுதளத்தில் கிடப்பதைப் பொறுக்கி உறையில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். சில நாள் முழுப் பறவை கிடைக்கும். சில நாள் ஒரு இறகுதான். பல நாள் அதுவும் இருக்காது. இறக்கையின் விளிம்பில் வெற்றிலை துப்பின மாதிரி ஒரு கறை, அவ்வளவுதான். அதை ஈரக் காகிதத்தில் ஒற்றியெடுத்துத் தலைநகரில் இருக்கும் அருங்காட்சியகத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், அங்கிருந்து பறவையின் பெயர் திரும்பி வரும். ஒரு கறையிலிருந்து பெயர் வருகிற அந்த அதிசயம்தான் அவளை அந்த நாற்காலியில் பிடித்து உட்கார வைத்தது.

அவள் கணவர் தையற்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. “உன் கைப்பையைத் திறக்கவே பயமா இருக்கு,” என்பார். “சீப்பு எடுக்கலாம்னு கைய விட்டா இறகு வருது. ஒருநாள் முழுசா பறந்து வந்து என் மூஞ்சியில உக்காரப் போவுது.” சொல்வாரே தவிர, ஓடுதளத்தில் போட்டுக்கொள்ளும் மஞ்சள் சட்டையில் அவளுக்கென்று உள்ளும் புறமுமாய் நாலு பை வைத்துத் தைத்துக் கொடுத்ததும் அவர்தான்.

வேலை பழகிவிட்டது, ஆட்கள்தான் பழகவில்லை. பறவை மோதினால் யாரும் வாய் திறப்பதில்லை. விமானிகளுக்கு அடுத்த பயணத்துக்கு நேரமாகிவிடும். மெக்கானிக்குகள் பக்கம் போனால் இன்னும் மோசம். அவள் மூச்சு வாங்க ஓடிப் போய்ச் சேர்வதற்குள் கறையைத் துடைத்துவிட்டுத் துணியைப் பிழிந்துகொண்டிருப்பார்கள்.

மெக்கானிக்குகளின் தலைவரை எல்லாரும் மீசை என்றுதான் சொல்வார்கள். மனிதருக்கு முன்னால் மீசைதான் வரும்.

“அண்ணே, துடைக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு போன் பண்ணக்கூடாதா?” என்று அவள் கெஞ்சினாள்.

“ஏம்மா, மூஞ்சியெல்லாம் ரத்தத்தோட விமானம் நின்னா எவன் ஏறுவான்? நீங்க எழுதறதை எழுதிக்கங்க, நாங்க கழுவறதைக் கழுவறோம்.”

“நீங்க கழுவிட்டா நான் எதை எழுதறது?”

“பறவை மோதுச்சுன்னு எழுதுங்க. அது மாடா இருக்காது, அது நிச்சயம்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுத்தான் வந்தாள். ஆனால் மனதில் ஒன்று தைத்தது: இவர்கள் ஏன் சொல்ல வேண்டும்? சொன்னால் இவர்களுக்கு என்ன கிடைக்கிறது? சொன்னது எங்கே போகிறது என்றுகூட இவர்களுக்குத் தெரியாது. கிணற்றில் கல்லைப் போட்டால்கூடச் சத்தம் கேட்கும்; இவள் அறையில் போட்டால் அதுவும் கிடையாது.

அதற்குப் பிறகு, ஆய்வகத்திலிருந்து பெயர் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு மெக்கானிக்குகள் டீ குடிக்கும் இடத்துக்கு நடந்துபோக ஆரம்பித்தாள். “அண்ணே, போன வாரம் நீங்க துடைக்காம விட்டீங்களே ஒரு கறை, அது என்ன தெரியுமா? கடல் தாண்டி வர்ற குருவி. உள்ளங்கையில அடங்கிடும். குளிருக்குப் பயந்து தேசம் விட்டு தேசம் வருது.”

மீசை டீயை உதட்டருகே நிறுத்தினார். “உள்ளங்கை அளவா? அது எதுக்கு அவ்வளவு உசரத்துல பறக்குது?”

“அதுவும் நம்ம விமானத்தைப் பாத்து அதையேதான் கேட்டிருக்கும்.”

அன்றைக்குத் தொடங்கியது. கறையைப் பார்த்ததும் ‘புறா’ என்பான் ஒருவன், ‘வௌவால்’ என்பான் இன்னொருவன். டீ பந்தயம் கட்டுவார்கள். முடிவு தெரிய வேண்டுமே, அதனால் அவளுக்குப் போன் வரும். பந்தயத்தில் தோற்றவன் ஆய்வகத்துக்கே கண் சரியில்லை என்று சண்டைக்கு வருவான். கொஞ்ச நாளில் துடைக்கும் துணியை எடுக்கும் முன் போனை எடுப்பது அங்கே பழக்கமாகிவிட்டது.

அறிக்கைகள் பெருகின. மேலாளருக்கு முகம் சுருங்கியது.

“நீங்க வர்றதுக்கு முன்னாடி வருஷத்துக்கு நாலஞ்சு மோதல்தான் இருந்துச்சு,” என்றார் கணக்கை முன்னால் வைத்துக்கொண்டு. “இப்ப மாசத்துக்கே அத்தனை வருது. பறவையெல்லாம் உங்களைப் பாக்கத்தான் வருதாம்மா?”

“சார், முன்னாடியும் மோதிக்கிட்டுத்தான் இருந்துச்சு. யாரும் சொல்லல. காய்ச்சல் பாக்கற கருவியை வாங்கி வெச்சதால காய்ச்சல் வந்துச்சுன்னு சொல்ல முடியுமா?”

மேலாளர் கெட்டவர் இல்லை. மேலே இருப்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். ஒரு பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

விமானிகளும் மெல்ல வழிக்கு வந்தார்கள், ஒருவரைத் தவிர. அவர் கட்டைக்குரல் கேப்டன். ஓய்வு பெற அதிக காலம் இல்லாதவர். ஒருமுறை அவர் விமானத்தின் சக்கரத்தில் காகம் அடிபட்டதைப் பற்றிக் கேட்க அவள் போன் செய்தபோது, “ஒரு காக்காவுக்கு ஒரு ரிப்போர்ட்டா? அப்ப கொசுவுக்கு?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் அவள் தம்பி விமான நிலையத்துக்கு வேலைக்கு வந்தான். ஓடுதளத்தின் இருபுறமும் புல் வெட்டுகிற ஒப்பந்தக்காரரிடம் டிராக்டர் ஓட்ட ஆள் தேவைப்பட்டது. தகவலை அவள் சொன்னாள். வேலையை அவன் தன் கைத்திறமையில் வாங்கினான். அக்கா ஒரு மூலையில் இறகு பொறுக்க, தம்பி மறுமூலையில் புல் வெட்ட, மத்தியானச் சாப்பாட்டை இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். தம்பி மனைவி கொடுத்து அனுப்பும் டப்பாவில் எப்போதும் அவளுக்கும் ஒரு பங்கு இருக்கும்.

புல் வெட்டுவதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அவள் போராடிக் கொண்டு வந்தது அது. பகலில் வெட்டக்கூடாது, மாலை விமானங்கள் போன பிறகுதான் வெட்ட வேண்டும். பகலில் புல்லைச் சாய்த்தால் வெட்டுக்கிளியும் எலியும் வெளியே துள்ளும். அதைத் தின்னக் கொக்கு வரும், பருந்து வரும். டிராக்டருக்குப் பின்னால் கொக்குகள் அணிவகுத்து நடப்பதைப் பார்க்காதவர் யார்?

மழை முடிந்து புல் மதமதவென்று வளர்ந்திருந்த ஒரு நாள். அவளுக்கு மத்தியான ஷிப்ட். வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மீசைதான். குரலில் வழக்கமான கேலி இல்லை.

“மேடம், கொஞ்சம் சீக்கிரம் வாங்க. கட்டைக்குரலோட விமானம் கிளம்பின உடனே திரும்பி இறங்கிடுச்சு. இஞ்சினுக்குள்ள கொக்கு போயிருக்கு. யாருக்கும் ஒண்ணும் இல்ல. நாங்க எதையும் தொடல.”

அவள் போய்ச் சேர்ந்தபோது விமானம் ஓரமாய் நின்றிருந்தது. வலப்பக்கத்து இஞ்சினின் வாயில் வெள்ளை இறகுகள் ஒட்டிக்கிடந்தன. உள்ளே இரண்டு தகடுகள் வளைந்திருந்தன. ஓடுதளத்துக்கு வண்டியில் போனாள். வரிசையாய்க் கொக்குகள் கிடந்தன, மாட்டுக்குப் பின்னால் அலையுமே, அந்த மஞ்சள் அலகு உண்ணிக்கொக்குகள். குனிந்து ஒன்றைத் தூக்கினாள். அலகின் ஓரத்தில் வெட்டுக்கிளியின் கால் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்த வாசனை அவளுக்கு உறைத்தது. சற்றுமுன் அறுபட்ட பச்சைப் புல்லின் வாசனை. வாசனை வந்த பக்கம் திரும்பினாள். ஓடுதளத்தின் இடப்பக்கம் நீளமாகப் புல் வெட்டப்பட்டு, ஈரம் காயாமல் கிடந்தது. விமான நிலையத்தில் டிராக்டர் ஓட்டுகிறவன் ஒரே ஒருவன்.

விமானிகள் ஓய்வறையில் கட்டைக்குரல் கேப்டன் காகிதக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எதிர் நாற்காலியைக் காட்டினார்.

“எழுதிக்கோம்மா. எதையும் விட வேண்டாம்.”

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். சக்கரம் தரையை விட்டுக் கிளம்பின நொடியில் இடப்பக்கமிருந்து வந்தன. “கொடியில காயற வேட்டிய ஒரு உதறு உதறின மாதிரி, வெள்ளையா எழும்புச்சு. தப்பிக்க இடமே இல்ல. தடதடன்னு ஒரு சத்தம். வலது இஞ்சின் அதிர ஆரம்பிச்சுடுச்சு. கருகின வாசனை உள்ள வந்துச்சு. அதை அணைச்சிட்டு ஒத்தை இஞ்சினோட ஒரு சுத்து சுத்தி இறக்கினோம்.”

“பயணிங்க?”

“யாருக்கும் ஒரு கீறல் இல்ல. ஒரு குழந்தை மட்டும் அழுதுச்சாம். ஏன் புறப்பட்ட இடத்துக்கே வந்துட்டோம், ஏமாத்திட்டாங்கன்னு.” சிரிக்கப் பார்த்தார். பிறகு கேட்டார்: “புல்லு புதுசா வெட்டியிருந்துச்சா? பச்சையாத் தெரிஞ்சுச்சே.”

தெரியாது என்று அவள் சொல்லியிருக்கலாம். பார்க்கணும் சார் என்று மழுப்பியிருக்கலாம்.

“ஆமா சார். காலையில வெட்டியிருக்காங்க.”

அவர் தலையாட்டினார்.

அன்று வேலை முடிந்ததும் அவள் நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். நாலாவது மாடியில் இரண்டு அறை வீடு. தம்பி மனைவி கதவைத் திறந்தாள்; முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் தெரியும் என்று தெரிந்தது. தம்பி மேசை முன்னால் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை.

“ரிப்போர்ட் எழுத வந்தியா, அக்காவா வந்தியா?” என்று கேட்டான்.

“ரெண்டு பேரும்தான் வந்திருக்கோம். வாசல்ல ஒரு ஜோடி செருப்புதான் கெடக்கு, பாத்துக்கோ.”

அவனுக்கு அதிலேயே பாதிக் கோபம் இறங்கியது. அவள் உட்கார்ந்தாள். “நீ வெட்டுனியான்னு கேக்க வரல. அது எனக்கே தெரியும். ஏன் பகல்ல வெட்டுனே? அதைச் சொல்லு.”

“ராத்திரி எப்படிக்கா வெட்டறது? டிராக்டர்ல முன் விளக்கு எரியல. போன மாசம் இருட்டுல ஓடுதளத்து ஓர விளக்கு மேல ஏத்தியிருப்பேன், ஒரு சாண்ல தப்பிச்சேன். சூப்பர்வைசர்கிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. மேல கேட்டிருக்கு, வரும் வரும்னார். வரல. புல்லு முட்டிக்கு மேல வளந்துடுச்சு. நீயும் தினம் கத்தினே, எலி வரும், எலி வரும்னு. கடைசியில அவரே, காலையில விமானம் கம்மி, கன்ட்ரோல் கோபுரத்துல கேட்டுட்டேன், வெட்டிடுன்னார். வெட்டினேன்.”

அவளுக்கு அந்த விளக்கு விஷயம் தெரியாது. தினமும் சேர்ந்துதான் சாப்பிட்டார்கள். புல் வளர்ந்துவிட்டதே என்று நச்சரித்தாளே தவிர, ஏன் வெட்டவில்லை என்று ஒருநாளும் அவள் கேட்டதில்லை.

தம்பி மனைவி அடுப்படி வாசலில் நின்றபடி கேட்டாள். “இதெல்லாம் எழுதிடுவீங்களாக்கா?”

“எழுதணும்மா.”

“இவர் பேரையும் போட்டா?”

“பேர் எழுத அதுல இடமே கிடையாது. பகல்ல வெட்டினாங்க, விளக்கு இல்லாததால வெட்டினாங்க, அவ்வளவுதான் இருக்கும்.”

“டிராக்டர் தானாவா ஓடுது? ஓட்டற ஆளு ஒருத்தர்தானே. பேர் போடலன்னா என்ன, நெத்தியில எழுதி ஒட்டின மாதிரிதான்.”

அவள் எழுந்தாள். சாப்பிட்டுப் போங்க என்று எப்போதும் சொல்கிறவள் அன்றைக்குச் சொல்லவில்லை. தம்பிதான் கீழ் வாசல்வரை வந்தான். “எழுதுக்கா,” என்றான் தெருவைப் பார்த்துக்கொண்டே. “நாளைக்கு இன்னொருத்தன் வந்து அதே டிராக்டர்ல ஏறுவான்ல.”

மறுநாள் காலை அவள் எழுதிய அறிக்கையை மேலாளர் இரண்டு தடவை படித்தார்.

“கொக்கு மோதினது சரி. புல் வெட்டினதும் சரி. இந்த விளக்கு எதுக்கு நடுவுல? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறீங்களே.”

“விளக்கு இல்லாததால ராத்திரி வெட்ட முடியல சார். அதனால பகல்ல வெட்டினாங்க. அதனால கொக்கு வந்துச்சு. விளக்கை விட்டுட்டா அடுத்த மழைக்கும் இதேதான் நடக்கும்.”

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “விளக்கு கேட்டு வந்த காகிதம் என் மேசையிலதான் இருக்கு. டயரும் மாத்தணும்னாங்க, ரெண்டையும் சேத்து வாங்கிடலாம்னு வெச்சிருந்தேன்.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “என் பேரும் இதுல இல்லைல்ல?”

“யார் பேரும் இல்ல சார்.”

ஒரு வார்த்தையைக்கூட அடிக்காமல் அதை அனுப்பிவைத்தார். அவளே அதை எதிர்பார்க்கவில்லை.

விசாரணைக்கு ஒரு பெண் அதிகாரி வந்தார். நரைத்த தலை, மெல்லிய குரல். யாரையும் நிற்க வைத்துக் கேட்கவில்லை; தம்பியை எதிரில் உட்கார வைத்து, டிராக்டரில் ஏறிப் பார்க்கலாமா என்று கேட்டு, தானே ஏறி இருட்டிய பின் ஓடுதளம் எப்படித் தெரிகிறது என்று பார்த்தார். அவர் முடிவுகள் சுருக்கமாக இருந்தன: விளக்கை உடனே மாற்ற வேண்டும், புல் வெட்ட அனுமதி கொடுக்கும் முன் கோபுரத்தில் இருப்பவர்கள் பறவைப் பிரிவைக் கேட்க வேண்டும். எந்த ஆளையும் பற்றி ஒரு வரி இல்லை.

ஆனாலும் ஒப்பந்தக்காரர் தம்பியை மாற்றிவிட்டார். நகரத்தின் மறுகோடியில் ஒரு விளையாட்டு மைதானத்தில் புல் வெட்டப் போட்டார். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அவள் ஒப்பந்தக்காரரின் அலுவலகத்துக்கே போனாள்.

“விசாரணையில யாரையும் மாத்தச் சொல்லலையே?”

“சொல்லலைதான் மேடம். எங்க மனசு நிம்மதிக்கு மாத்தினோம்,” என்றார் அவர், நாற்காலியில் சாய்ந்துகொண்டு.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. சில வாரங்களில் அவளுக்குப் போன் வருவதே நின்றுவிட்டது. முதலில் நல்ல காலம் என்றுதான் நினைத்தாள். பிறகு ஒரு மத்தியானம், நின்றிருந்த விமானம் ஒன்றின் இறக்கை நுனி மட்டும் பளபளவென்று ஈரமாய் இருப்பதைப் பார்த்தாள். மீசையைத் தனியே கூப்பிட்டாள்.

“அண்ணே, என்ன நடக்குது?”

மீசை தரையைப் பார்த்தார். “தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம பசங்க பேசிக்கறாங்க. கூடப் பொறந்தவனையே காட்டிக்கொடுத்தவங்க நம்மளை விட்டுவைப்பாங்களான்னு. எனக்கு அப்படித் தோணல. ஆனா ஊர் வாயை உலைமூடி வெச்சா மூட முடியும்?”

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். கணவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “நீ எழுதினதுல தப்பு இருக்கா?” என்றார்.

“இல்ல.”

“அப்ப தையல் சரிதான். துணி எங்கேயோ கிழிஞ்சிருக்கு. கிழிஞ்ச எடத்தைப் பிடிச்சு ஒட்டுப் போடு. பிரிச்சுத் தைக்காதே.”

மறுநாள் அவள் மேலாளர் அறைக்குப் போய், அந்த மாதக் கணக்கை அவர் முன் வைத்தாள். எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம்.

“சார், இந்த மாசம் ஒரு மோதல்கூட இல்ல. உங்களுக்குச் சந்தோஷமா இருக்கா?”

அவர் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஒருகாலத்தில் அந்தப் பூஜ்யத்துக்காக ஏங்கியவர்தான். ஒத்தை இஞ்சினோடு ஒரு விமானம் சுற்றி வந்ததை அவரும் கோபுரத்திலிருந்து பார்த்திருந்தார்.

“சொல்ல மாட்டேங்கறாங்களா?”

“சொன்னா வேலை போயிடும்னு நினைக்கறாங்க. நினைக்க ஒரு ஆள் உதாரணமா இருக்கானே சார்.”

அவள் கெஞ்சவுமில்லை, தம்பிக்காக என்று ஒரு சொல் சொல்லவுமில்லை. அந்த வாரமே கட்டைக்குரல் கேப்டனும் மேலாளரை வந்து பார்த்ததாகப் பின்னால் கேள்விப்பட்டாள். விமானிகள் கூட்டத்தில் எழுந்து, “அன்னிக்கு யார் என்ன செஞ்சாங்கன்னு மறைக்காம சொன்னது அந்த டிராக்டர் பையன். அவனை அனுப்பிட்டு நம்மளை மட்டும் உண்மை பேசுன்னா எப்படி?” என்று அவர் கேட்டாராம். மெக்கானிக்குகளின் டீக்கடைக்கும் போய் நின்று, காகத்துக்கு ரிப்போர்ட்டா என்று தான் கேட்ட கதையைத் தானே சொல்லிச் சிரித்தாராம்.

மேலாளர் ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டுப் பேசினார். என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது, கதவு மூடியிருந்தது. அடுத்த மழைக்கு முன்னால் தம்பி திரும்பி வந்தான். டிராக்டரில் புது விளக்கு இருந்தது. முதல் நாள் அவன் அதைப் போட்டுக் காட்டியபோது மீசை, “கல்யாண வீட்டு வெளிச்சம்டா!” என்று கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டார். அந்த வாரமே அவள் போன் மறுபடி அடித்தது. வௌவால் என்று பந்தயம் கட்டியவன் ஜெயித்தான்.

வேலையிடத்தில் எல்லாம் சீரானது. வீட்டில்தான் இன்னும் ஒரு முள் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு டப்பா வந்தது. அதில் அவள் பங்கு இல்லை. தம்பி தன் பங்கைப் பிரித்துக் கொடுப்பான். அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டு வாங்கும் உறவு கேட்காமலே போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் போன் வந்தது. தம்பி மனைவி. மாதக்கணக்காய் அவளிடமிருந்து போன் வந்ததில்லை.

“அக்கா, பால்கனி கண்ணாடியில டமார்னு ஒண்ணு வந்து மோதிடுச்சு. பச்சையா, குட்டியா இருக்கு. தரையில மல்லாந்து கெடக்கு. கண்ணு மட்டும் மூடி மூடித் திறக்குது. அவரு டியூட்டிக்குப் போயிட்டாரு. நான் என்ன பண்றது?”

“தண்ணி ஊத்தாதே. ஒரு செருப்பு டப்பாவுல துணி போட்டு உள்ள வெச்சு மூடு. மூடியில ஓட்டை போடு. இருட்டா, சத்தம் இல்லாம இருக்கட்டும். நான் வரேன்.”

அவள் போனபோது டப்பா மேசைமேல் இருந்தது. இருவரும் அதற்கு இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். சத்தம் கூடாது என்பதால் பேச்சும் இல்லை.

கடைசியில் தம்பி மனைவிதான் மெல்லிய குரலில் ஆரம்பித்தாள். “ரெண்டு பஸ் மாறிப் போய் வந்தாரு. ஒருநாள்கூட உங்களை ஒரு வார்த்தை சொல்லல. எனக்குத்தான்க்கா கோவம்.”

“உனக்கு வராம வேற யாருக்கு வரும்?”

“இன்னும் கொஞ்சம் இருக்கு.”

“இருக்கட்டும். அவசரம் இல்ல. மெதுவாத் தீரட்டும்.”

தம்பி மனைவிக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து டப்பாவுக்குள் நகத்தால் பிறாண்டுகிற சத்தம் கேட்டது. பால்கனிக்கு எடுத்துப் போய் மூடியைத் திறந்தார்கள். குருவி எழுந்து நின்றது, தலையைச் சாய்த்து இருவரையும் பார்த்தது, தம்பி மனைவியின் விரல்மேல் எச்சமிட்டது, எதிர்வீட்டு மரத்துக்குப் பறந்துவிட்டது.

“நன்றி கெட்டது!” என்று அவள் கையை உதறிக்கொண்டு கழுவப் போனாள். குழாயடியிலிருந்தே குரல் வந்தது. “மறுபடி வந்து மோதுமாக்கா?”

“இது மோதாட்டி இன்னொண்ணு மோதும். கண்ணாடியில வானம் தெரியுதில்ல, வழின்னு நினைச்சுக்கும். பழைய பேப்பர் இருக்கா? கத்திரி எடு.”

பொழுது சாய்வதற்குள் இருவரும் காகிதப் பட்டைகளாகக் கத்தரித்துக் கண்ணாடி முழுவதும் ஒட்டி முடித்தார்கள். வேலை முடிந்து வந்த தம்பி கதவருகே நின்று பார்த்தான்.

“என்ன இது, ஜன்னலுக்குக் கோடு போட்ட சட்டை மாட்டியிருக்கீங்க?”

“போய்க் கை கால் கழுவிட்டு வாங்க,” என்றாள் அவன் மனைவி. “அக்காவும் இங்கதான் சாப்பிடறாங்க.”